கிளி இருக்கும் வீடு

ஏரி இருக்க வேண்டிய இடத்தில் ரயில் நிலையம் இருந்தது.

நோர்வின் நின்று நன்றாகப் பார்த்தான். சந்தேகமே இல்லை, ரயில் நிலையம்தான். ரயில் நின்று வருஷக்கணக்காகியும் கட்டடத்துக்கு மட்டும் வெள்ளையடித்து வைத்திருந்தார்கள். அவனுடைய ஒரு கையில் 'மூன்று பால்' கேக் பெட்டி இருந்தது, இன்னொரு கையில் ஒரு சீட்டு. புதுச் சட்டையின் காலர் கழுத்தை அறுத்தது. மணி பத்தே முக்கால். பன்னிரண்டு மணிக்கு அவன் மரேங்கோ டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டி, அவருடைய இளைய மகள் இலெயானாவைத் தனக்குக் கட்டிக்கொடுக்கும்படி கேட்க வேண்டும்.

வேலியோரம் வாழையிலையில் மரவள்ளிக்கிழங்கும் பொரித்த பன்றித்தோலும் வைத்து விற்றுக்கொண்டிருந்த பெண் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யாரைத் தேடறே தம்பி?"

"ஏரியைத் தேடறேங்க்கா."

"ஏரியையா? அது எங்கயும் ஓடிப்போகலியே. அதோ, கிழக்கால கிடக்கு பாரு."

"கிழக்கயா? ஏரின்னா வடக்குல்ல இருக்கணும்?"

அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்துக் கடைக்காரியைக் கூப்பிட்டாள். "அடியே, இங்க வந்து பாருடி! மனாகுவாக்காரன் ஒருத்தன் வந்திருக்கான்!"

தலைநகரமான மனாகுவாவில் ஏரி வடக்கே இருக்கிறது. அதனால் அந்த ஊரில் யாரும் வழி சொல்லும்போது வடக்கு என்று சொல்ல மாட்டார்கள்; ஏரிப் பக்கம் என்பார்கள். பிறந்ததிலிருந்து அப்படியே கேட்டு வளர்ந்த நோர்வின், எங்கள் கிரனாடாவில் பஸ்ஸைவிட்டு இறங்கியதும், சூரியனைப் பார்த்துத் திசை கணக்குப் போட்டு, 'ஏரிப் பக்கம் மூன்று தெரு' என்று வடக்கே நடந்து, மூன்று தெருவில் ஒன்றும் அகப்படாமல் இன்னும் மூன்று, அதற்கப்புறம் இன்னும் நாலு என்று நடந்துகொண்டே வந்துவிட்டான். தலைநகரத்துக்காரர்களே இப்படித்தான். கடவுள் படைத்தது அவர்கள் ஊர் ஏரி ஒன்றைத்தான், மற்றதெல்லாம் தேங்கி நிற்கிற மழைத்தண்ணீர் என்று நினைப்பு.

"அக்கா, இந்த விலாசம் எங்கன்னு சொல்லுங்களேன்," என்று அவன் சீட்டை நீட்டினான். டீச்சரின் குண்டு குண்டான கையெழுத்தில் இப்படி இருந்தது:

'ஐஸ் ஃபாக்டரி இருந்த இடத்திலிருந்து ஏரிப் பக்கம் மூன்று தெரு. தெற்கே ஒரு தெரு. பெரிய மாமரத்துக்கு எதிரே, கிளி இருக்கும் வீடு. சரியாகப் பன்னிரண்டு மணி. தெருவில் என் பெயரைச் சொல்லி விசாரிக்கக் கூடாது. என் மகள் விஷயம் ஊர் வாயில் விழுவதை நான் விரும்பவில்லை.'

"ஐஸ் ஃபாக்டரி எங்க இருக்கு?"

"அது எங்க இருக்கு! எப்பவோ இடிச்சாச்சு," என்றாள் கிழங்குக்காரி. "அதான் 'இருந்த இடம்'னு எழுதியிருக்கே, படிக்கத் தெரியாதா? யார் வீட்டுக்குப் போகணும்?"

"அதைச் சொல்லக் கூடாது."

"ஓகோ," என்றாள் அவள். கேக்கைப் பார்த்தாள், புதுச் சட்டையைப் பார்த்தாள். கரண்டியை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டாள்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊரில் இருக்கிற பொருளை வைத்து வழி சொல்ல மாட்டோம். இருக்கிறதுதான் கண்ணுக்குத் தெரிகிறதே, அதை எதற்கு மெனக்கெட்டுச் சொல்ல வேண்டும்? நூற்று நாற்பது வருஷத்துக்கு முன்னால் வடக்கேயிருந்து வந்த ஒரு கூட்டம் ஊரையே கொளுத்திவிட்டு, 'கிரனாடா இங்கே இருந்தது' என்று பலகையில் எழுதி நட்டுவிட்டுப் போயிற்று. ஊருக்கே விலாசம் அப்படி என்றால் ஐஸ் ஃபாக்டரி எந்த மூலைக்கு?

நோர்வின் இலெயானாவின் வீட்டுக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை. அவள் மனாகுவாவில் ஒரு மருந்துக் கம்பெனியில் டைப் அடித்தாள். வாரம் பூராவும் அங்கே சித்தி வீட்டில் தங்கல், சனிக்கிழமை மாலை ஊருக்கு பஸ். அம்மாவைப் பற்றிப் பேச்செடுத்தாலே அவள் குரல் தாழ்ந்துவிடும். சீட்டைக் கொடுத்தபோது அவன் கெஞ்சிப் பார்த்தான்.

"ஒரே ஒரு அடையாளம் சொல்லேன். கதவு என்ன கலர்?"

"மூச்சு விட மாட்டேன். மாதா மேல சத்தியம் வாங்கியிருக்காங்க. 'என் பொண்ணைக் கேக்கறவன் என் வாசலைத் தானே கண்டுபிடிக்கட்டும்'னு அம்மா சொல்லிட்டாங்க. பன்னெண்டு மணின்னா பன்னெண்டு மணி, நோர்வின். பள்ளிக்கூடத்துல ஒரு நிமிஷம் லேட்டா வர்ற பசங்களையே வெயில்ல நிக்க வெப்பாங்க. உன்னை என்ன பண்ணுவாங்களோ!"

அதை நினைத்ததும் அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டான். அவன் ஊர் நடுவிலிருக்கும் பூங்காவை நோக்கி ஓட்டமும் நடையுமாகத் திரும்பினான். மூன்று பால் கேக் என்பது மூன்று வகைப் பாலில் ஊறிய கேக். வெயிலில் அது அட்டைப்பெட்டியின் மூலை வழியாகச் சொட்டத் தொடங்கியிருந்தது.

பூங்கா பெஞ்சில் இரண்டு பெரியவர்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள்.

"ஐயா, ஐஸ் ஃபாக்டரி இருந்த இடம் எது?"

"சந்தைக்குப் பின்னால," என்றார் தொப்பி போட்டவர்.

"யோவ், பிள்ளையைக் குழப்பாதே. கான்வென்ட் பக்கத்துல," என்றார் தொப்பி போடாதவர்.

"அது சோடா ஃபாக்டரி!"

"சோடாவும் போட்டாங்க, ஐஸும் போட்டாங்க! உன் கல்யாணத்துக்கே அங்கேருந்துதான் ஐஸ் வந்துச்சு!"

"என் கல்யாணத்துக்கு ஐஸே வரல! பீர் கொதிச்சுது! இருபத்தேழு வருஷமா என் பொண்டாட்டி அதைச் சொல்லிக்காட்டறா!"

"ஐயா, சண்டை வேண்டாம்," என்றான் நோர்வின். "ரெண்டுல எது பெருசு?"

அவ்வளவுதான், இடிந்துபோனதில் பெருசு எது என்று கேட்கிறானே என்று இருவரும் ஒன்று சேர்ந்துகொண்டார்கள். "எந்த ஊரு நீ?" என்றார் தொப்பி.

"மனாகுவா."

"அதானே பார்த்தேன்," என்று இருவரும் சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

மணி பதினொன்றே கால். பூங்கா ஓரத்தில் சுற்றுலாக் குதிரை வண்டிகள் வரிசையாக நின்றன. முதல் வண்டியில் எவெனோர் என்ற வண்டிக்காரர் சாய்ந்து உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார். ஊரில் பிறந்து வளர்ந்தவர் என்று முகத்தில் எழுதியிருந்தது. நோர்வின் ஏறி உட்கார்ந்தான்.

"அண்ணே, சந்தைக்குப் பின்னால போங்க. அங்க இல்லேன்னா கான்வென்ட். சீக்கிரம்."

"யார் வீடு தம்பி?"

"சொல்லக் கூடாதுண்ணே."

எவெனோர் திரும்பிப் பார்த்தார். "கேக்கு... புதுச் சட்டை... பேரு சொல்ல மாட்டேங்கறீங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "புருஷன் ஊர்ல இல்லையா?"

"ஐயோ, அண்ணே! அப்படியெல்லாம் இல்ல!"

"எனக்கெதுக்கு? எனக்கும் வயசு இருந்துச்சு. ஆனா ஒண்ணு, இந்த மந்திரியைத்தான் நீங்க கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்."

மந்திரி என்பது குதிரை. பழுப்பு நிறம், தொங்கிய உதடு. பதினோரு வருஷமாக ஒரே சுற்றுலாப் பாதையில் போய் வந்த மிருகம் அது. எவெனோர் கடிவாளத்தைச் சந்தைப் பக்கம் இழுத்தார். மந்திரி மஞ்சள் கதீட்ரல் பக்கம் நடந்தது. கதீட்ரல் வாசலில் போய் நின்றுவிட்டது.

"என்னண்ணே, நின்னுடுச்சு?"

"இங்க நான் பேசணும் தம்பி. பேசி முடிச்சாத்தான் கிளம்புவான்."

"எனக்குக் கதீட்ரல் வேண்டாம்ணே!"

"உங்களுக்கு வேண்டாம். அவனுக்கு வேணுமே." எவெனோர் எழுந்து நின்று தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "பெரியோர்களே, தாய்மார்களே! ஸ்பெயின் தேசத்துத் தளபதி ஒருவர் இந்த நகரத்தை நிறுவியபோது..."

"கடைசி வரியை மட்டும் சொல்லுங்கண்ணே! கும்பிடறேன்!"

எவெனோர் இரக்கப்பட்டார். "...அப்படிப்பட்ட கதீட்ரலை வணங்கி விடைபெறுவோம்!" என்று ஒரே தாவாகத் தாவி முடித்தார்.

மந்திரி தலையைத் திருப்பி அவரைப் பார்த்தது. அசையவில்லை.

"பாத்தீங்களா? அவனை ஏமாத்த முடியாது. நடுவுல கடற்கொள்ளைக்காரன் மூணு தடவை வரணும்."

கடற்கொள்ளைக்காரன் மூன்று தடவை வந்து, கொள்ளையடித்து, தீ வைத்துவிட்டுப் போனான். மந்திரி நடந்தது. அடுத்து மெர்சேத் மாதா கோயில். அங்கே மணிக்கூண்டின் வரலாறு. நோர்வின் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து நகத்தைக் கடித்தான். மூன்றாவது நிறுத்தத்தில் அவனால் பொறுக்க முடியவில்லை. எவெனோர் மூச்சு வாங்குகிற நேரத்தில் எழுந்து நின்று, பள்ளியில் படித்திருந்த ஊர் எரிந்த கதையைத் தானே படபடவென்று ஒப்பிக்க ஆரம்பித்தான். மந்திரி காதை நிமிர்த்திக் கேட்டது. ஏழெட்டு வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிகள் கூடிவிட்டார்கள். அவன் முடித்ததும் கைதட்டினார்கள். ஒரு பாட்டியம்மா இன்னொரு தடவை சொல்லச் சொல்லி, படமெடுக்கக் காமிராவைத் தூக்கினாள்.

"குரல் நல்லா இருக்கு தம்பி," என்றார் எவெனோர். "கொள்ளைக்காரனைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்லணும்."

ஊரின் மேற்குக் கோடியில், ஹால்தேவா கோயில் வாசலில் நிற்கும்போது பன்னிரண்டு மணி அடித்தது.

நோர்வின் ஒவ்வொரு அடியாக எண்ணினான். பன்னிரண்டாவது அடி விழுந்ததும் அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இரண்டு வருஷக் காதல் ஒரு குதிரையால் போயிற்றே! வாசலில் நின்று டீச்சர் கடிகாரத்தைப் பார்ப்பதும், இலெயானா சமையலறையில் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பதும் அவன் கண் முன்னால் வந்தது.

"அண்ணே, என்னை பஸ்ஸுக்கே கொண்டு விட்டுடுங்க. ஊருக்குப் போறேன்."

எவெனோருக்கு மனசு கேட்கவில்லை. "பொண்ணு கேக்கப் போறீங்களா?" என்றார், இந்தத் தடவை குரலைத் தாழ்த்தாமலே.

நோர்வின் தலையை மட்டும் ஆட்டினான்.

"அடப்பாவி, இதை முதல்லியே சொல்லக் கூடாதா? திட்டு வாங்கினாலும் வாசல்ல நின்னு வாங்கணும் தம்பி. போகாமலே இருந்துட்டா அந்தப் பொண்ணு உங்களை என்னன்னு நினைக்கும்?"

அது நியாயமாகப் பட்டது. நோர்வின் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "சரி, ஐஸ் ஃபாக்டரி எங்கண்ணே இருந்துச்சு?"

"எனக்கென்ன தெரியும்? ஆனா அங்க இருவது வருஷம் வேலை பார்த்த ரெய்னெரியோ பெரியவர் இருக்காரு. அவரைக் கேட்டா அங்குலம் சுத்தமாச் சொல்லுவாரு."

"எங்க இருக்காரு?"

"ஏரிக்குள்ள, தீவுல."

"இதைப் பூங்காவுலயே சொல்லியிருக்கலாமே!"

"சொல்லி? மந்திரி இதெல்லாம் முடிச்சுட்டுத்தானே ஏரிக்கு வருவான்!"

மந்திரி இன்னும் இரண்டு கோயில்களை முடித்துவிட்டு ஏரிக்கு வந்தது. தூரத்தில் மொம்பாச்சோ எரிமலை தலையில் மேகத்தைப் போட்டுக்கொண்டு நின்றது. படகுத்துறையில் எவெனோர் ஒரு படகுக்காரனிடம் விஷயத்தைச் சொன்னார். நோர்வின் கேக் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு படகில் உட்கார்ந்தான். பெட்டியின் அடிப்பாகம் ஊறித் தொளதொளவென்று ஆகியிருந்தது. இருந்தாலும் அது ஒன்றுதான் மிச்சம். தாமதமாகப் போகிறவன் வெறுங்கையோடும் போகலாமா?

நூற்றுக்கணக்கான குட்டித் தீவுகளுக்கு நடுவே படகு வளைந்து வளைந்து போயிற்று. படகுக்காரன் வேகத்தைக் குறைத்தான்.

"இதுவா பெரியவர் வீடு?"

"இல்ல. இது குரங்குத் தீவு."

"எனக்குக் குரங்கு வேண்டாம்ப்பா!"

"எல்லாரும் பாப்பாங்க," என்றான் படகுக்காரன்.

"நான் எல்லாரும் இல்ல! எனக்கு அவசரம்!"

"ஒரு நிமிஷம்தான். வண்டிச் சீட்டுலயே இதுவும் சேர்த்திதாங்க. காட்டலேன்னா அப்புறம் எங்களைத்தான் கேப்பாங்க."

பேசிக்கொண்டிருக்கும்போதே நீளக் கையொன்று மரக்கிளையிலிருந்து இறங்கியது. ஒரு பெரிய பெண் குரங்கு, ரொம்ப நாள் தெரிந்தவளைப் போல வந்து, நோர்வினின் பக்கத்தில் உட்கார்ந்து, பெட்டியை முகர்ந்து பார்த்தது. அவன் பெட்டியை இந்தப் பக்கம் இழுத்தான். அது அந்தப் பக்கம் இழுத்தது. ஊறிய அட்டை இரண்டாகப் பிளந்தது. மூன்று பாலும் அவன் புதுச் சட்டையில் வழிந்தது, கேக் குரங்கின் கைக்குப் போயிற்று. அதைப் பிடிக்கத் தாவிய நோர்வின் இடுப்பளவு தண்ணீரில் நின்றான். சேற்றில் ஒரு ஷூ போயிற்று.

"அதுக்கு இனிப்புன்னா உயிரு," என்றான் படகுக்காரன்.

ரெய்னெரியோ பெரியவர் தன் தீவில், தூண்டிலைத் தண்ணீரில் போட்டுவிட்டு, மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். ஒற்றை ஷூவோடும் பால் வழியும் சட்டையோடும் ஒருவன் வந்து நின்றதைக் கண்டு அவர் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை.

"ஐஸ் ஃபாக்டரியா? இப்ப மனாகுவா பஸ்ஸு வந்து நிக்குதே ஒரு திடலு, அதான். பஸ்ஸு நிக்கிற இடத்துலதான் நாங்க ஐஸ் கட்டியை அறுப்போம். இன்னிக்கும் அங்க போனா எனக்குக் கை ஜில்லுங்கும்."

நோர்வின் தலையில் அடித்துக்கொண்டான். காலையில் அவன் இறங்கிய இடமே அதுதான். சூரியனைப் பார்த்துக் கணக்குப் போடாமல், இறங்கும்போது முகம் திரும்பியிருந்த கிழக்குப் பக்கமே நடந்திருந்தால் கால் மணி நேரத்தில் வாசலுக்குப் போயிருப்பான்.

"அந்தப் பெரிய மாமரம்?"

"புயல்ல விழுந்துச்சு. விறகாக்கிட்டாங்க."

"கிளி இருக்கற வீடு?"

"கிளியைப் பத்தி எனக்குத் தெரியாது," என்றார் பெரியவர். "நான் ஐஸ்காரன்."

பஸ் திடலுக்கு அவன் திரும்பி வந்தபோது மணி இரண்டே முக்கால். எவெனோர் கூடவே வருகிறேன் என்றுதான் சொன்னார். மந்திரி சம்மதிக்கவில்லை, திடல் அதன் பாதையில் இல்லை. "தைரியமாப் போங்க தம்பி. அடிச்சாலும் கன்னத்தோட போயிடும்," என்று வாழ்த்திவிட்டுப் போனார்.

நோர்வின் ஏரிப் பக்கம், அதாவது அசல் ஏரிப் பக்கம், மூன்று தெரு நடந்தான். ஒவ்வொரு அடிக்கும் ஒற்றை ஷூ 'சளக்' என்றது. தெற்கே திரும்பி ஒரு தெரு நடந்தான். மாமரம் இல்லை. சிவப்பு ஓடு போட்ட பழைய வீடுகள், உயரமான கதவுகள், ஜன்னலுக்கெல்லாம் இரும்புக் கம்பி. ஆனால் கிளி இருந்தது. ஒன்றல்ல, மூன்று. நீல வீட்டில் ஒரு கிளி விசிலடித்தது. மஞ்சள் வீட்டில் ஒன்று யாரையோ திட்டிக்கொண்டிருந்தது. மூலை வீட்டுக் கிளி ஜெபமாலை சொல்லியது.

காலையில் வந்த நோர்வினாக இருந்தால் மூன்று கதவுகளையும் தட்டியிருப்பான். ஆனால் அவன் எங்கள் ஊரில் நாலு மணி நேரம் இருந்துவிட்டான். கிளி கத்துகிற வீடுகளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தெருவின் நடுவில், ஒரு பச்சைக் கதவு வீட்டு ஜன்னலில், துருப்பிடித்த காலிக் கூண்டு ஒன்று தொங்கியது. அந்தக் கதவைத் தட்டினான்.

சமையல்காரி சொக்கோரோ கதவைத் திறந்தாள். மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். வாயைச் சமையல் துணியால் பொத்திக்கொண்டு, "உள்ள வாங்க," என்றாள்.

முற்றத்து வராந்தாவில், ஆடும் நாற்காலியில், ஆடாமல் உட்கார்ந்திருந்தார் மரேங்கோ டீச்சர். சுவர்க் கடிகாரம் மூன்று ஐந்து காட்டியது. சமையலறைக் கதவிடுக்கில் இலெயானாவின் ஒரு கண் மட்டும் தெரிந்தது. அந்தக் கண் சிவந்திருந்தது.

"மணி என்ன?" என்றார் டீச்சர்.

"மூணு அஞ்சு, டீச்சர்." அவன் தன்னை அறியாமல் கையைக் கட்டிக்கொண்டான்.

"நான் எத்தனை மணிக்கு வரச் சொன்னேன்?"

"பன்னெண்டு."

"இவ்வளவு நேரம் எங்க இருந்தீங்க?"

பொய் சொல்ல அவனுக்குத் தெம்பில்லை. ரயில் நிலையத்தில் ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினான். ஏரியை வடக்கே தேடியது, சீட்டாடிய பெரியவர்கள், மந்திரிக்குச் சொன்ன பிரசங்கம், குரங்கு, கேக், ஷூ. "என் மேல தப்புத்தான் டீச்சர். ஆனா உங்க பொண்ணு மேல எனக்கு இருக்கற பிரியத்துல தப்பில்ல. நாளைக்கு வரச் சொன்னீங்கன்னா நாளைக்கு வரேன், பன்னெண்டுக்கு டாண்ணு நிப்பேன். இப்பதான் வழி தெரியுமே."

"என் பேரை யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல டீச்சர். எவனோ ஒருத்தன் பொண்டாட்டியைப் பாக்க வந்திருக்கேன்னே பாதி ஊரு நெனச்சுக்கிச்சு."

டீச்சர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "சரி. போய்க் கை கழுவிட்டு வாங்க," என்றார்.

எங்கே என்று கேட்க அவனுக்குப் பயம். வராந்தாவில் வரிசையாக நாலு கதவுகள் இருந்தன. முதல் கதவைத் திறந்தான். துடைப்பமும் வாளியும் அவன் மேல் சாய்ந்தன. இரண்டாவதைத் திறந்தான், உள்ளே தைத்துக்கொண்டிருந்த மூத்த மகள் மெல்பா, "ஐயோ!" என்று அலறினாள். மூன்றாவது, சாமான் அறை. உள்ளே போய் ஒரு வெங்காய மூட்டையில் தடுக்கி விழுந்து எழுந்து வந்தான். வெட்கத்தில் செத்துப்போய்விடலாம் போலிருந்தது. ஆனால் அவன் ஒவ்வொரு கதவாகத் தப்பாகத் திறக்கத் திறக்க, டீச்சரின் நாற்காலி மெல்ல ஆடத் தொடங்கியதை அவனே பார்த்தான். மூன்றாவது கதவுக்கு அது நன்றாகவே ஆடியது.

"நாலாவது கதவு, மாப்பிள்ளை," என்றார் டீச்சர். "இலெயானா! எத்தனை நேரம் ஒளிஞ்சு நிப்பே? உங்கப்பாவோட பழைய செருப்பு ஒரு ஜோடியைக் கொண்டு வந்து குடு. கல்யாணத்தை டிசம்பர்ல, மாதா திருவிழா முடிஞ்சதும் வெச்சுக்கலாம்."

நோர்வினுக்கு எதுவும் விளங்கவில்லை. இலெயானா செருப்பைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள். மேசையில் உட்கார்ந்தான். சொக்கோரோ முழு ஏரி மீன் ஒன்றை எண்ணெய் சலசலக்கக் கொண்டுவந்து வைத்தாள். சோற்றிலிருந்து ஆவி பறந்தது.

டீச்சர் உள்ளே போன சமயம் பார்த்து அவன் மெதுவாகக் கேட்டான். "அக்கா, பன்னெண்டு மணிச் சாப்பாட்டுக்கு மூணு மணி நேரம் லேட்டா வந்திருக்கேன். சோறு எப்படி இவ்வளவு சூடா இருக்கு?"

"ரெண்டரைக்குத்தான் உலையே வெச்சேன். அதுக்கு முன்னாடி அடுப்பைத் தொடக் கூடாதுன்னு அம்மா உத்தரவு," என்று அவன் காதருகே குனிந்தாள் சொக்கோரோ. "மூத்தவளைக் கேட்டு வந்தவருக்கும் இதே சீட்டுதான் தம்பி. மனுஷன் பன்னெண்டு அடிக்கறப்ப நேரா வந்து கதவைத் தட்டினாரு. 'நான் பள்ளிக்கூடம் போயிருந்தப்ப எத்தனை தடவைடா இங்க வந்தே?'ன்னு அம்மா வாசலோட விரட்டிட்டாங்க!"